கரிநாக்கும் நாலாயிரத்து நானூறு வாட்டும்

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: “மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து மின்தடை கண்டுபிடித்தோமே, அதை வாழ்க்கையில் யாராவது ஒரு நாளாவது பயன்படுத்தினீர்களா?” கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். நீங்களும் போட்டிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் பயன்படுத்தினேன். பத்தாவது படிக்கும்போதே, ஒரே ஒரு தடவை, சரியாகப் பயன்படுத்தினேன். அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் கரிநாக்கு. கட்டைவிரலால் தட்டிச் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்து உயிரை வாங்கியது. துணி எதுவும் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி அம்மா துணிகளைத் தொங்கவிட்டிருந்தாள். ஈரப் பாவாடைக்கும் ஈர லுங்கிக்கும் நடுவே குனிந்து குனிந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். பள்ளிச் சீருடையில் எப்போதும் ஒரு புளித்த வாசனை இருக்கும். நம் வகுப்பு முழுக்கவே அந்த வாசனைதான், உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

அந்த மழையில்தான் மாமா சவூதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. நாலு வருடம் கழித்து வருகிறார். அவர் அங்கே எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அம்மாதான் சொல்லியிருந்தாள். சிதம்பரத்தில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சைக்கிள் கடை வைத்திருப்பவர். பெண் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவர்களுக்கும் அம்மா சொன்னது அதேதான், எலக்ட்ரிகல் சூப்பர்வைசர்.

மாமாவின் பெட்டியைத் திறந்ததும் சோப்பும் அத்தரும் கலந்து ஒரு வாசனை வந்து ஈரத்துணி நாற்றத்தை ஒரு ஓரமாகத் தள்ளியது. அடியில், துண்டில் சுற்றி, அந்த அயன் பாக்ஸ். நீலக் கைப்பிடி. அடித்தகடு கண்ணாடி மாதிரி இருந்தது, என் மூக்கு அதில் அகலமாகத் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது கரிபோட்டுத் தேய்க்கும் இரும்புப் பெட்டி. இது இறகு மாதிரி கனமில்லாமல் இருந்தது. கைப்பிடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு தகடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். 110 வோல்ட், 1100 வாட்.

அந்த மாதம்தான் நமக்கு அறிவியல் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். போர்டில் கணக்கைப் போட்டுவிட்டு, “இது மார்க்குக்கு இல்ல, வீட்டுக்கு” என்பார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் போட்டேன். 1100 வாட்டை 110 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர். 110 வோல்ட்டை அந்தப் பத்தால் வகுத்தால் மின்தடை 11 ஓம். பெட்டிக்குள் இருக்கிற கம்பி, கடலூருக்கு வந்துவிட்டோமே என்று தன் தடையை மாற்றிக்கொள்ளாது. இங்கேயும் அதே 11 ஓம்தான். ஆனால் இங்கே 220 வோல்ட். 220-ஐ 11-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். 220-ஐ இருபதால் பெருக்கினால் 4400 வாட். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதே விடைதான் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

“அம்மா, அத நம்ம வீட்ல போடக் கூடாது. எரிஞ்சு போயிடும்.”

“ஏண்டி, புதுச் சாமானப் பாத்ததும் வாயில வர்ற வார்த்தையா இது?”

“அங்க நூத்திப் பத்து வோல்ட்டு. இங்க எரநூத்தி இருவது. நாலு மடங்கு சூடாவும்மா.”

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நூத்திப் பத்து, எரநூத்தி இருவதுன்னா ரெண்டு மடங்குதானே? கூட்டக் கூடத் தெரியல, பேச வந்துட்ட.”

“வோல்ட்டு ரெண்டு மடங்கானா கரண்டும் ரெண்டு மடங்கு ஜாஸ்தியாப் பாயும். ரெண்டையும் பெருக்கணும். அதனால நாலு.”

“நாலு மடங்குன்னா நல்லதாப் போச்சு. துணி சட்டுனு காயும்.”

மாமாவிடம் போனேன். அவர் பெட்டியின் பிளக்கைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். தட்டையாக இரண்டு முள் உள்ள பிளக், நம் ஊர் ஓட்டையில் நுழையாது. நுழையாததே போதுமான எச்சரிக்கை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அவர் முதுநகர் கடையில் உருண்டை முள் பிளக் வாங்கி வந்து, ஒயரின் தோலைப் பல்லால் உரித்து மாட்டினார். எலக்ட்ரிசியன்கள் எல்லாம் பல்லால்தான் உரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாளைக் காட்டினேன்.

“அதெல்லாம் செஞ்சவன் பாத்துத்தான் செஞ்சிருப்பான் பாப்பா” என்றார். தாளை அவர் வாங்கக்கூட இல்லை.

சுவிட்சைப் போட்ட அடுத்த நொடி ஃபேன் நின்றது, ரேடியோ நின்றது. ஃப்யூஸ் போய்விட்டது. “பாத்தீங்களா” என்று நான் சொன்னதுதான் தப்பு. அம்மா திரும்பி, முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். “வாய வெச்சல்ல? வெச்ச ஒடனே போயிடுச்சு. கரிநாக்குடி ஒனக்கு.”

நான் சொன்னதால் ஃப்யூஸ் போகவில்லை, ஃப்யூஸ் போகும் என்பதால் நான் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? சொல்லச் சொல்லக் குற்றம் ஏறிக்கொண்டேதான் போனது.

மாமா ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “வயரிங் பழசு அக்கா. இதுக்குப் பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு வேணும்” என்றார். பிளக் வாங்கிய கடையில் யாரோ சொன்னது அது.

“பதினஞ்சும் பத்தாது மாமா, இருவது” என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

சாயங்காலம் அத்தா வந்தார். அத்தாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. அதிகம் பேச மாட்டார். தாளை அவரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வந்ததும், “என்னத்தா ஆச்சு?” என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அதற்கு மறுநாளும் “பாக்கலாம்”தான்.

அதற்குள் அம்மாவும் மாமாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை நாள் குறிக்க சிதம்பரம் போகும்போது அயன் பாக்ஸைப் பெண் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோவது. அவர்கள் வீடு புதிது, தண்ணீர் மோட்டாருக்குப் பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதற்கேற்ற பெரிய பிளக்கையும் மாமா வாங்கி மாட்டிவிட்டார். நம் வீட்டில் ஃப்யூஸாவது போய்க் காப்பாற்றியது. அங்கே போனால் பெட்டியே போய்விடும் என்று யாரிடம் சொல்வது?

பஸ்ஸில் பெட்டி என் மடியில்தான் வந்தது. ஆலப்பாக்கம், பி. முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போனது. ஜன்னல் தார்ப்பாய் வழியாகச் சாரல் அடித்தது. பெட்டி நனையாமல் இருக்க நான் என் தாவணியால் மூடிக்கொண்டேன். எரியப் போகிற பெட்டியை நனையாமல் காப்பாற்றியதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

பெண் வீட்டில் நல்ல உபசாரம். சேமியாவும் சமோசாவும் கொடுத்தார்கள். பெண் உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். பெண்ணின் அத்தா பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையோட ஒரு தடவ போட்டுக் காட்டுங்க மாப்ளே. வீட்ல பொம்பளைங்க தெரிஞ்சுக்கட்டும்” என்றார். அவர் மனைவி ஒரு வெள்ளைச் சட்டையும் மடித்த போர்வையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

மாமா எழுந்தார். போர்வையை விரித்தார். சட்டையை ஒரு உதறு உதறிக் காலரைப் புரட்டிப் போட்டார். டம்ளரில் விரலை நனைத்து மூன்றே வீச்சில் சட்டை முழுக்க ஒரே சீராகத் தண்ணீர் தெளித்தார். தையல் தையலோடு சேருகிற மாதிரி கையை நீவிவிட்டார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். பிறகு பிளக்கைச் செருகினார்.

“மாமா, போடாதீங்க” என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் இடுப்பைத் தேடி வந்தன. பெண்ணின் அத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா?”

“அது நூத்திப் பத்து வோல்ட்டுக்குச் செஞ்சது. இங்க போட்டா நாலாயிரத்து நானூறு வாட்டு இழுக்கும். கருகிடும்.”

“சூப்பர்வைசர வெச்சுக்கினு நீ சொல்றியா?” என்றார் அவர், விளையாட்டாகத்தான்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அத்தா, அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். வோல்ட்டு ரெண்டு மடங்கானா வாட்டு நாலு மடங்காவும். அங்க எத்தன வோல்ட்டுன்னு அவுங்களக் கேளுங்க.”

என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை. உலகத்தில் இன்னொருத்திக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. “அங்கயும் இதே கரண்டுதான்” என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் சட்டையின் முதுகு பளிச்சென்று நிமிர்ந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் டீ நிறத்தில் ஒரு நிழல் படர்ந்தது, நிழல் பழுப்பானது. மாமா பெட்டியைத் தூக்கினார். சட்டையும் கூடவே வந்தது. பஞ்சு கருகும் வாசனையோடு கைப்பிடி உருகும் வாசனையும் சேர்ந்து வந்தது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். அத்தோடு பெட்டி செத்துப்போனது. சட்டையின் நடுவில் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு ஓட்டை.

“பரவால்ல, பழைய சட்டதான்” என்றார் பெண்ணின் அத்தா. அது பழைய சட்டை இல்லை. கையில் கடை மடிப்பு கலையாமல் இருந்ததை நான் பார்த்தேன். நாள் குறிக்கவில்லை. “சொல்லியனுப்பறோம்” என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மழையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “கரிநாக்கு. நல்ல காரியத்துக்குக் கூட்டிக்கினு போனது என் தப்பு.”

அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. சோறு வைப்பார்கள், பேச மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால், நான் பார்ப்பதற்குள் அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்விடுவாள். நான் என்ன, புடவைக்கும் வாட் கணக்குப் போட்டுக்கொண்டா இருந்தேன்?

ஒரு நாள் அத்தா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த நாள்காட்டித் தாளை எடுத்தார். “கம்பெனி எலக்ட்ரிசியன்கிட்ட அன்னிக்கே காட்டினேன். கணக்கு சரின்னான். பொண்ணு நல்லாப் படிக்குதுன்னு சொன்னான்.”

“அன்னிக்கேவா? சிதம்பரம் போறதுக்கு முன்னாடியேவா?”

“ம்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“மச்சான் கல்யாணம். நான் வாயத் தொறந்தா நான் கெடுத்தேன்னு ஆவும். உங்கம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

தன்மேல் வர வேண்டாம் என்று பார்த்தது என்மேல் வந்தது. அத்தா கெட்டவர் இல்லை. பெண்டாட்டியின் தம்பி விஷயத்தில் ஒரு ஆண்பிள்ளை எவ்வளவு பேசலாம் என்பதற்கு அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அது இந்த வயதில் எனக்குப் புரிகிறது. புரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. இன்லண்ட் லெட்டர், என் பெயருக்கு. என் பெயருக்கு வந்த முதல் தபால் அது. எழுதியது சிதம்பரத்துப் பெண்.

“தங்கைக்கு, உன் கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்தேன், அதே 4400 வந்தது. நீ வருத்தப்படாதே. உன் மாமா சட்டையை விரித்த விதத்தைத் திரை ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருபது வருடமாகத் தேய்க்கிறவருக்குக்கூட அந்தக் கை வராது. எலக்ட்ரிசியனுக்கு அது எங்கிருந்து வந்தது? அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுது. என்ன வேலையாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. சொல்லாமல் இருப்பதைத்தான் பரவாயில்லை என்று விட முடியாது.”

நானும் அதே அறையில்தான் நின்றிருந்தேன். நானும் அந்தக் கையைப் பார்த்தேன். தகட்டில் இருந்த எண்ணைப் படித்த எனக்கு, அந்தக் கையைப் படிக்கத் தெரியவில்லை.

மாமா பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் இருந்தார். கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

“லாண்டரி பாப்பா” என்றார். “பெரிய லாண்டரி. காலையில நின்னா பொழுது சாயற வரைக்கும் சட்டதான். அந்தப் பொட்டிங்கள்ல ஒண்ணு, மொதலாளி நான் ஊருக்கு வர்றேன்னு குடுத்தாரு.”

“அப்புறம் ஏன் சூப்பர்வைசர்னு சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? கரண்டுப் பொட்டி வெச்சு வேலன்னுதான் மொத கடுதாசியில எழுதினேன். உங்கம்மா அத கரண்டு வேலன்னு படிச்சாங்க. அடுத்த பெருநாளுக்குள்ள சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. நான் வந்து எறங்கினா தெருவே சூப்பர்வைசர் சூப்பர்வைசர்னுது. எந்த எடத்துல நிறுத்தறது சொல்லு.”

நிறுத்த எத்தனையோ இடம் இருந்தது. சிதம்பரத்தில் சுவிட்சில் கை வைத்தபோதுகூட இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

“எழுதுங்க மாமா” என்று பேனாவை நீட்டினேன். அந்தக் கடிதத்தை எழுத அவருக்குக் கை வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘லாண்டரியில் துணி தேய்க்கிறேன்’ என்ற இடத்தில் நிறுத்தி, “துணி டிபார்ட்மெண்ட்டுன்னு போடக் கூடாதா?” என்றார். போட மாட்டேன் என்றேன். “லாண்டரின்னு மட்டும் போட்டு உட்டுடேன்.” முடியாது என்றேன். அரை மணி நேரம் அந்த ஒரு வரிக்கு என்னோடு மல்லுக்கட்டினார். கடைசியில் நான் எழுதியபடியே கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்குச் சொல்லாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் பெண்ணின் அத்தா தனியாக பஸ் ஏறி வந்தார். அம்மா நல்ல டம்ளரைத் தேடி எடுத்து டீ போட்டாள். கடிதம் போனதே அவளுக்குத் தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இப்போது ஒரு சண்டை வரும், அதுவும் என் கணக்கில்தான் ஏறும் என்று தயாராக இருந்தேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “பொண்ணு சரின்னு சொல்லிட்டா” என்றார். “ஆனா அவளுக்குக் காலேஜ் போவணுமாம். பிசிக்ஸ் எடுத்துப் படிக்கணுமாம். மூணு வருசம். அதுவரைக்கும் மாப்ள அங்க போய் அவரு வேலையப் பாத்துட்டு வரட்டும். லாண்டரி வேல ஒண்ணும் தப்பு இல்ல. அத இங்க வேற பேர்ல சொல்லிக்கினு இருக்க வேணாம். அவ்ளோதான்.”

“லாண்டரியா?” என்றாள் அம்மா.

மாமா தலையைத் தூக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தார். “ஆமா அக்கா. துணி தேய்க்கிறேன்.”

மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாமி பிசிக்ஸ் டீச்சராகி, சிதம்பரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். மாமா ஊரோடு வந்து லாண்டரி வைத்தார். அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போன பையன்கள் இன்றைக்கும் அந்தப் பேட்டையில் இருக்கிறார்கள். செத்துப்போன அயன் பாக்ஸ் கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. அம்மாவோ தெருவில், கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போனது என் நாக்கால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா லீவு முடிந்து கிளம்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டிருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். அத்தா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா மூன்று அடி தள்ளி, முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். பஸ் முழுக்க அதிர்ந்தது. மாமா கம்பி வழியாகக் குனிந்து என் தலையில் கை வைத்தார்.

“நீ சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும் பாப்பா” என்றார். “ஒன் கணக்கு சரி.”

எங்கள் குடும்பத்தில் எனக்கு நேராக அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதை இன்ஜின் போடுவதற்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பஸ் போனதும் அம்மா கிட்டே வந்தாள். “என்னாடி சொன்னான்?”

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அவன் அப்பிடியெல்லாம் சொல்ல மாட்டான்” என்றாள்.